ட்ரங்க் காலில் வந்த குமாரி லீனா

"திருச்சி, இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன். ப்ளீஸ்."

வேலூர் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டரின் குரல் அது. அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் வேலையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அவள் எனக்கு வேலூர், நான் அவளுக்குத் திருச்சி.

அன்று காலையிலிருந்து அவள் அதே தென்னூர் நம்பரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி போகவில்லை. பிஸி டோனும் இல்லை. தண்ணீர் புகுந்த கேபிளில், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைக் கசக்குவதுபோல ஒரு சத்தம் வரும். அதுதான் வந்தது.

"டெட், வேலூர்."

பிறகு வேலூர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். லைனை, அந்த நம்பரைக் கேட்டிருந்த பெண்ணிடமே கொடுத்துவிட்டாள்.

"மேடம், எங்க அப்பா பல் டாக்டர் மேடம். வாய்க்காலுக்குப் பக்கத்துலதான் வீடு. தரைத்தளம். ரேடியோவுல தென்னூர் முழுக்கத் தண்ணின்னு சொல்றாங்க. எங்க அம்மாவுக்கு நீச்சல் தெரியாது மேடம்..."

மேலே பேச முடியாமல் அழுதாள். ரோஸி என்று பெயர். வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிக்கூடம் படிக்கிற பெண். அவளுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவளைத் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் அம்மாவை அவளோடு பேசவைப்பது நான்தான்.

ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காரணம், அந்த அம்மா யார் என்பது திருச்சி எக்ஸ்சேஞ்சிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரயில் பாட்டு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அறுபதுகளின் தொடக்கம். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், தெற்கு உத்தர வீதியில். எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. என் அக்கா வைதேகிக்குக் கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. பக்கத்துப் போர்ஷனில் இருந்தது. சாயங்காலம் சிலோனிலிருந்து தமிழ்ப் பாட்டு வரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்துப் பாட்டு ஏறும், இறங்கும், சமயத்தில் காணாமலே போய்விடும். நானும் அக்காவும் கொல்லைச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்போம். சுவரில் எப்போதும் சுண்ணாம்பும் ஈரமுமாக ஒரு வாசனை. இப்போதும் புதிதாக வெள்ளையடித்த வீட்டுக்குள் நுழைந்தால் எனக்குப் பாட்டு கேட்கத் தோன்றும்.

அப்படித்தான் குமாரி லீனா வந்தார்.

எந்தப் படம் என்று சொன்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு வாரம்கூட ஓடவில்லை என்பார்கள். ஆனால் அதிலிருந்த அந்த ஒரு பாட்டை சிலோனில் விடாமல் போட்டார்கள். ரயில்வே ஸ்டேஷனில் ஒரு பெண் தன் காதலனுக்காகக் காத்திருக்கிறாள். விசிலில் ஆரம்பிக்கும். அப்புறம் கிடார், அப்புறம் பாங்கோ, அப்புறம் அவர் குரல்.

"பச்சைக்கொடி காட்டாதே, பாதி மனசு பிளாட்பாரத்திலே..."

அந்தக் காலத்தில் பாடகிகள் என்றால் தேன், குயில் என்றுதான் எழுதுவார்கள். லீனாவின் குரலை அப்படிச் சொல்ல முடியாது. கொஞ்சம் அகலமான குரல். பாடும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். 'ச' வரும் இடங்களில் சின்னதாக ஒரு சீழ்க்கை சேர்ந்து வரும். 'மனசு' என்றால் 'மன', பிறகு ஒரு காற்று, பிறகுதான் 'சு'.

பாட்டுக்கு நடுவில் இசை சட்டென்று நின்றுவிடும். அந்தப் பெண் போர்ட்டரிடம் கேட்பாள்: "ஏங்க, மதுரை வண்டி போயிடுச்சாங்க?"

பாடாமல், பேச்சாகவே. 'ஏங்க'வில் ஓர் அவசரம், 'போயிடுச்சா'வில் ஒரு பதைப்பு, கடைசி 'ங்க'வில் எப்படியும் போயிருக்காது என்ற நம்பிக்கை. அந்த ஒரு வரிக்காகவே நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்போம். அக்கா அதை அப்படியே சொல்லிக் காட்டுவாள். கிணற்றடியில் இரண்டு பேரும் விசில் பழகினோம். அவளுக்கு வந்தது. எனக்குக் காற்றுதான் வந்தது.

ஒருநாள் அப்பா கோவிலிலிருந்து வந்தவர் கேட்டுவிட்டார். நெற்றியில் திருமண்ணோடு கொல்லைக் கதவில் நின்றார்.

"என்னடி இது? பெருமாள் சேவிச்சுட்டு வரேன், ஆத்துல ரயில்வே கார்டு மாதிரி விசில் சத்தம்?"

அக்கா பயப்படவே இல்லை. "பாட்டுப்பா. விசில்லதான் ஆரம்பிக்கறது."

"அது ஆரம்பிச்சுக்கட்டும். நீ நிறுத்து."

அவ்வளவுதான். கோபத்தில் சொன்னாரா, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாரா என்று அக்காவும் நானும் இப்போதும் போனில் சண்டை போட்டுக்கொள்வதுண்டு.

இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்

லீனா நாலு பாட்டுதான் பாடினார். நாலாவது பாட்டில் ஒரு சரணம் மட்டும்தான் அவருடையது. அதோடு சரி.

இன்று மாதிரி அன்று பாடகிகளின் முகம் எல்லா இடத்திலும் வராது. இசைத்தட்டு உறையில்கூட நடிகையின் படம்தான் இருக்கும். லீனா எப்படி இருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது. ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் மெல்லிய சங்கிலியோடு இருப்பார் என்று நான் முடிவு செய்திருந்தேன். அக்கா, குதிரைவால் பின்னல் என்றாள்.

சில வருஷம் கழித்து ஏதோ ஒரு பத்திரிகையின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார், குமாரி லீனா இப்போது எங்கே என்று. பதில் ஒரே வரி. அந்த இளம் பாடகி அகால மரணமடைந்துவிட்டார்.

அக்கா அப்போது கல்யாணமாகி பம்பாய் போய்விட்டாள். சொல்லி அழக்கூட ஆளில்லை. ஏன், எப்படி என்ற விவரமும் கிடையாது. விவரம் இல்லாத சாவுக்கு ஊரே விவரம் சேர்க்கும். விஷம் என்றார்கள், காதல் தோல்வி என்றார்கள். அதன் பிறகு எப்போதாவது அந்தப் பாட்டு வந்தால் முன்போல் கேட்க முடியவில்லை. அந்த அடக்கிய சிரிப்பு அழுகைபோலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

வேலூர் லைன்

நான் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளில். இந்தத் தலைமுறைக்காக ஒரு வார்த்தை. அப்போது வெளியூருக்கு நினைத்தவுடன் பேச முடியாது. எங்களைக் கூப்பிட்டு ட்ரங்க் கால் புக் பண்ண வேண்டும். லைன் கிடைத்ததும் நாங்கள் திருப்பிக் கூப்பிட்டு இணைப்போம். மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே போய், "மூணு நிமிஷம் ஆச்சு, தொடர்றீங்களா?" என்று கேட்போம். எத்தனை சாவுச் செய்தி, எத்தனை பெண் பார்க்கும் செய்தி அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடங்கியது என்று எண்ணினால் ஆச்சரியமாக இருக்கிறது.

சந்தாதாரரோடு சொந்தமாக ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது சட்டம். எங்கள் சூப்பர்வைசர் தனலட்சுமி மேடம் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். செருப்புச் சத்தமே கேட்காது. மல்லிகை வாசனை வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம்.

தென்னூரிலிருந்து ஒரு பல் டாக்டர் வீட்டு நம்பர் ஞாயிறுதோறும் வேலூருக்கு புக் பண்ணும். பேசுவது டாக்டரின் மனைவி. நாலைந்து வாரம் ஒன்றும் தோன்றவில்லை. நம்பர் வாங்குவேன், இணைப்பேன், அடுத்த லைனுக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிறு மழை. பாதிப் பேச்சில் வேலூர் லைன் அறுந்தது. நான் குறுக்கே போவதற்குள் அந்த அம்மா கேட்டார்:

"ஏங்க, வேலூர் லைன் போயிடுச்சாங்க?"

என் கையில் இருந்த பென்சில் கீழே விழுந்தது.

அதே அவசரம். அதே பதைப்பு. கடைசியில் அதே நம்பிக்கை. கொல்லைச் சுவரின் ஈரம் என் காதில் பட்டதுபோல இருந்தது. "ஒரு நிமிஷம் மேடம்" என்று சொன்னேன். பக்கத்து போர்டில் இருந்த கமருன்னிசா, "என்னடி, பேயைப் பார்த்தியா?" என்றாள்.

"பேய் இல்லடி. உசிரோட இருக்காங்க" என்றேன்.

ராங் நம்பர்

அடுத்த ஞாயிறு, மல்லிகை வாசனை தூரத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"மேடம், நீங்க... பாட்டுப் பாடுவீங்களா?"

"ராங் நம்பர்ம்மா" என்று வைத்துவிட்டார்.

போச்சு, புகார் எழுதப்போகிறார் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அழைப்பு வந்தது. நம்பரைச் சொன்னார். நான் பயந்து பயந்து எழுதிக்கொண்டேன். பிறகு அவரே கேட்டார்.

"ஏம்மா ட்ரங்க், போன வாரம் பாட்டுக் கேட்டது நீதானா?"

"ஆமா மேடம். மன்னிச்சுக்கோங்க."

"எந்தப் பாட்டு?"

"ரயில் பாட்டு மேடம்."

சிரித்தார் பாருங்கள். அடக்காத சிரிப்பு. பாட்டில் ஒளித்துவைத்திருந்ததெல்லாம் வெளியே வந்ததுபோல.

அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது. லைனுக்குக் காத்திருக்கும் சில விநாடிகளில் பேசியதுதான் எல்லாம். தொடர்கதைபோல வாராவாரம் ஒரு துண்டு. என் பெயரைக் கேட்கவே இல்லை. கடைசி வரை நான் அவருக்கு ட்ரங்க்தான்.

அவருடைய சொந்தப் பெயர் மதலேன். பாலக்கரையில் பிறந்து, சர்ச் கோரஸில் பாடிப் பழகியவர். அந்த 'லேன்' தான் லீனா ஆகியிருக்கிறது.

"செத்துப்போயிட்டீங்கன்னு போட்டிருந்தாங்களே மேடம்" என்று ஒரு வாரம் கேட்டேன்.

"நானும் படிச்சேன். எங்க வீட்டுக்காரர் அதைக் கத்தரிச்சு கிளினிக் சுவத்துல ஒட்டலாம்னாரு. அவர்கிட்ட பல்லு புடுங்கிக்கிட்டு ஒருத்தி உசிரோட இருக்கான்னு விளம்பரம் ஆகுமாம்."

பாடுவதை ஏன் விட்டார் என்று கேட்டதற்குப் பதில் வர மூன்று நாலு ஞாயிறு ஆயிற்று. ஏதோ பெரிய சோகம் இருக்கும் என்று நான் நெஞ்சைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

"நீ நெனைக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கலம்மா. பாட்டு பிடிச்சுது. அதுக்காகக் காத்துக் கெடக்குறது பிடிக்கல. காலையில வான்னுவாங்க, பெஞ்சுல உக்கார வெப்பாங்க, பொழுது சாஞ்சதும் நாளைக்கு வான்னுவாங்க. ஒருநாள் அப்படி உக்காந்திருக்கும்போது பல்லு வலி உயிர் போச்சு. எழுந்து பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க இவரு படிச்சுக்கிட்டிருந்தாரு. இவரு என்னைக் காக்க வெக்கல."

"அவ்ளோதானா மேடம்?"

"அவ்ளோதான். ஏன், ஏமாத்தமா இருக்கா?"

இல்லை. ஏமாற்றமே இல்லை. அன்று சாயங்காலம் காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நான் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். விஷமும் இல்லை, காதல் தோல்வியும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாக நான் மனசில் சுமந்துகொண்டிருந்த ஒரு சாவு, ஒரு கடைவாய்ப் பல் வலியாக மாறிப்போய்விட்டது.

முன்பல்லில் ஓர் இடைவெளி உண்டாம். அதுதான் அந்தச் சீழ்க்கை. அடைத்துவிடுகிறேன் என்று டாக்டர் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாராம். "பாட்டு போனா போகட்டும், சத்தம் இருக்கட்டும்னு சொல்லிட்டேன்" என்றார்.

ரோஸிக்கு இதெல்லாம் தெரியாது. ஒருமுறை வீட்டில் ரேடியோவில் ரயில் பாட்டு வந்தபோது, "யாரும்மா இது, மூக்கால பாடுது?" என்று கேட்டாளாம். "அதுக்கப்புறம் எங்கேருந்து சொல்றது!"

முகம் தெரியாதவரைத் தேடி

அந்த ஐப்பசி மாதத்து மழையைத் திருச்சிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். வாய்க்கால் எது, தெரு எது என்று தெரியாமல் போயிற்று. விடிவதற்குள் தென்னூர், உறையூர்ப் பக்கமெல்லாம் மாடி ஏறியவர்கள்தான் தப்பித்தவர்கள் என்று பேச்சு.

நாங்கள் வேலைக்கு வந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டோம். ஸ்ரீரங்கத்துக்கு பஸ் இல்லை. அந்தப் பக்கம் போன ஒரு போஸ்ட்மேனிடம், நான் பத்திரம் என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஹால் முழுக்க ஈரப் புடவை வாசனை. கமருவின் மாமா எங்கிருந்தோ பெரிய பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே போர்டைப் பார்த்தோம். ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். திருச்சியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ரோஸி விடவில்லை. மேடம் என்று கூப்பிட்டவள் மறுநாள் அக்கா என்றாள்.

"அக்கா, நீங்க அந்த ஊர்லதானே இருக்கீங்க? யாரையாவது அனுப்பிப் பாக்க முடியுமாக்கா?"

"நானே போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர் வடிந்ததும் தனலட்சுமி மேடத்திடம் போய் நின்றேன். என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. உள்ளதைச் சொன்னேன். ஒரு சந்தாதாரரோடு ஞாயிறுதோறும் பேசியதையும் சேர்த்து.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எனக்குத் தெரியும். உன் பின்னாடிதானே நடக்குறேன்? போயிட்டு வா. தனியாப் போகாத, கமருவைக் கூட்டிக்கோ."

இரண்டு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். கணுக்கால் வரை சேறு. சேற்றில் பாதி புதைந்த சைக்கிள், ஒரு தொட்டில், யாருடையதோ பள்ளிக்கூடப் பை. டாக்டர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பல் படம் போட்ட போர்டு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. சுவரில் என் தோளுக்கு மேலே தண்ணீர் நின்ற கறை. நோயாளி சாயும் அந்தப் பெரிய நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

"டாக்டர் ஐயா! மேடம்!" கமரு கூப்பிட்டது எங்களுக்கே திரும்பி வந்தது.

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"பரிசல்ல ஏத்திக்கிட்டுப் போனாங்கம்மா. நாங்களும் இருட்டுல சரியாப் பாக்கல. ஒரு அம்மாவைத் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொன்னாங்க. டாக்டர் வீட்டம்மாவா, வேற யாராச்சுமான்னு தெரியலையே..."

ஒருமுறை அவர் இறந்துவிட்டதாக நம்பிப் பழகியவள் நான். இரண்டாம் முறை அப்படி நம்ப என்னால் முடியவில்லை. ரோஸியிடம் நான் என்ன சொல்வேன்? வேலூர் லைனில் அழுதுகொண்டு இருக்கிறவளிடம்?

"மவுத்துன்னு, சாவுன்னு வர்ற செய்தியை நாமளே முந்திக்கிட்டு நம்பக்கூடாதுடி" என்று கமரு என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஸ்கூல்லயெல்லாம் ஜனங்களைத் தங்க வெச்சிருக்காங்க. வா, பாப்போம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாதே!

பால் வரிசை

முதலில் போன பள்ளிக்கூடத்தில் இல்லை. டாக்டர் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு ஆளுக்கு ஒரு பதில். இரண்டாவது பள்ளிக்கூடம் பெரியது. வகுப்பறைகளில், வராந்தாவில், மரத்தடியில் எல்லாம் ஜனம். ஈர விறகுப் புகை கண்ணைக் கரித்தது. நான் ஒல்லியான, உயரமான ஓர் அம்மாவைத் தேடிக்கொண்டு முகம் முகமாகப் பார்த்தேன். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய என் கற்பனையைத் தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கமரு நின்றாள். "கண்ணை மூடிக்கோடி" என்றாள்.

"என்னது?"

"முகம் தெரியாதுல்ல? அப்புறம் எதுக்குப் பாக்குற? கேளு."

கண்ணை மூடினேன். குழந்தைகள் அழுகை. பாத்திரம் உருளும் சத்தம். யாரோ யாரையோ ஏசுகிற சத்தம். அதற்கு நடுவே ஒரு பெண் குரல் வரிசையை அதட்டிக்கொண்டிருந்தது. தொண்டை கட்டி, பாதி காற்றாகப் போன குரல்.

"சின்னப் புள்ளைங்க முதல்ல! சொன்னாக் கேளுங்க, சாமி! பெரியவங்களுக்கு அப்புறம்! சொம்பைத் தள்ளாதீங்க!"

'சின்ன' என்பதில் ஒரு காற்று. 'சொம்பு' என்பதில் ஒரு காற்று. 'சாமி'யில் தெளிவாக ஒரு சீழ்க்கை.

குரல் போயிருந்தது. சீழ்க்கை போகவில்லை.

கண்ணைத் திறந்தேன். பால் கரைத்த அண்டாவின் பக்கத்தில் குட்டையாக, பருமனாக ஓர் அம்மா நின்றார். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. தலையில் காய்ந்த சேறு. கையில் ஒரு பெரிய கரண்டி. நான் கற்பனை செய்த லீனாவோடு ஒட்டிய ஒரு விஷயம்கூட அவரிடம் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் ஏமாந்ததில்லை.

"மேடம்" என்றேன்.

"வரிசையில வாம்மா."

"மேடம், நான்... நான் ட்ரங்க்."

கரண்டி அண்டாவுக்குள் விழுந்தது. என்னை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டார். சேறும் பால் பவுடரும் கலந்த வாசனை. "ட்ரங்க்கா! அடி, இவ்ளோ சின்னப் பொண்ணா நீ! நான் கண்ணாடி போட்ட பெரிய மனுஷின்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்!"

டாக்டர் ஒரு வகுப்பறையில் பெஞ்சு மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே காய்ச்சல்காரர்கள், கால் அறுத்துக்கொண்டவர்கள் எல்லாம் நின்றார்கள். "நான் பல் டாக்டர்ங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இழுத்துப்போனது வேறொரு தாய் என்று பிறகு தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். லீனா அம்மா அவர்களுக்குத்தான் முதலில் பால் கொடுத்தார். எங்கள் நிம்மதிக்குப் பக்கத்திலேயே அந்தத் துக்கமும் இருந்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்லக்கூடாது.

"ரோஸி?" என்றார் என்னிடம், மெதுவாக. "தந்தி கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினோம். போச்சா, இல்லையான்னே தெரியல."

"வெள்ளம் வந்ததுலேர்ந்து அழுதுக்கிட்டு இருக்கா மேடம். வாங்க, நேர்லயே பேசலாம்."

மூன்று நிமிஷம்

எக்ஸ்சேஞ்சுக்குள் வெளி ஆட்களை விடமாட்டார்கள். முன்பக்கத்தில் பொதுமக்களுக்கான ஒரு பூத் உண்டு. அதில் அவரை உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே ஓடி ஹெட்செட்டை மாட்டினேன்.

"வேலூர்! ஆள் கெடைச்சாச்சு! அந்தப் பொண்ணைக் கூப்பிடு!"

ஹாஸ்டலில் மணி போயிற்று. ரோஸி ஓடிவரும் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் லைன் படுமோசம். கொரகொரவென்று இரைச்சல்.

"ரோஸி, அம்மா பேசுறேம்மா. நல்லா இருக்கோம்."

"யாரு?"

"அம்மாடி."

ரோஸி குரலை உயர்த்தினாள். "இது எங்க அம்மா குரல் இல்ல. நீங்க யாரு? எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக யாரையோ பேச வெக்கிறீங்க. உண்மையைச் சொல்லுங்க. எங்க அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"தொண்டை கட்டியிருக்குடி! கத்திக் கத்தி..."

"பொய்! அக்கா, நீங்களாவது சொல்லுங்க!"

நான் குறுக்கே போய்ச் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. அழுகையில் அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. போனை வைத்துவிடுவாளோ என்று எனக்குப் பதறியது. ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த குரல் அது. பெற்ற பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை.

பூத்தில் இருந்தவர் ஒருமுறை செருமினார். பிறகு பாட ஆரம்பித்தார்.

சினிமாப் பாட்டில்லை. நான் கேட்டே இராத ஒரு பாட்டு. உடைந்த குரலில், காலையில் பல் தேய்க்க அடம்பிடிக்கும் குழந்தைக்காக அவரே கட்டியது.

"கடைவாய்ப் பல்லம்மா, கடைவாய்ப் பல்லு,
காப்பி குடிச்சியா, கொப்புளிச்சியா, சொல்லு..."

அழுகை நின்றது. லைனில் இரைச்சல் மட்டும் ஓடியது.

"முன்னாடிப் பல்லம்மா, முன்னாடிப் பல்லு..."

அடுத்த வரி வேலூரிலிருந்து வந்தது, விக்கி விக்கி.

"மணப்பாறை முறுக்கை... மறைக்காம சொல்லு... அம்மா! அம்மா!"

அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள், அழுதார்கள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. யாருக்கும் புரிய வேண்டிய அவசியமும் இல்லை. கமரு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் விரல் பழக்கத்தில், லைனுக்குள் குறுக்கே போக அழுத்தும் போர்டு சாவியின் மேல் போனது. மூன்று நிமிஷம் ஆகிவிட்டிருந்தது. மல்லிகை வாசனை வந்தது. தனலட்சுமி மேடத்தின் கை என் கையை எடுத்து மேஜைமேல் வைத்தது.

அவர்கள் பேசி முடித்து வைத்த பிறகும் வேலூர் லைனை விடவில்லை.

"திருச்சி, ஒண்ணு கேக்கட்டா? பாடினாங்களே, அவங்க யாரு?"

குமாரி லீனா என்ற பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அந்தப் பொண்ணோட அம்மாதான்" என்றேன்.

"அப்பாடா" என்றாள் வேலூர்.